கழுத்தில் அட்டை தொங்கினாலும் தொழிலாளிதான்

தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய தாத்தாவுக்குச் சங்கம் இருந்தது. மில்லுக்குப் போன அப்பாவுக்கும் சங்கம் இருந்தது. ஒயிட்பீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் கண்ணாடிக் கட்டடத்துக்குள் கம்ப்யூட்டர் தட்டும் பேரனுக்கும் பேத்திக்கும் மட்டும் சங்கம் எதற்கு என்று நம்மவர்களே கேட்கிறார்கள். "எம் பொண்ணு ஆபீசருங்கண்ணே, கொடி பிடிக்கிற வேலை இல்லை" என்று ஒரு தாய் சொல்லும்போது அந்தப் பெருமை நமக்கும் புரிகிறது. தலைமுறை தலைமுறையாக மண்ணுக்கடியில் கிடந்த குடும்பம் குளிர்சாதன அறைக்குள் நுழைந்திருக்கிறது. பெருமைப்படாமல் என்ன செய்யும்?

ஆனால் அந்த ஆபீசரின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் பஸ்ஸிலும் கம்பெனி வண்டியிலும் நெரிசலில் மணிக்கணக்கு போகிறது. பகல் முழுவதும் இங்குள்ள வேலை. நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் நமக்கு மாலை ஆறரை, அங்கே குளிர்காலமானால் ஏழரை. கலிபோர்னியாக்காரன் ஆபீசுக்கு வரும்போது நமக்கு இரவு ஒன்பதரை தாண்டிவிடும். அவன் நாள் தொடங்கும்போது இவள் நாள் முடிவதில்லை. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே போனில் "எஸ், எஸ்" என்று பதில் சொல்லும் பிள்ளைகளை நம் வீடுகளில் பார்க்கிறோம். இந்த நேரத்தை யார் கணக்கில் எழுதுகிறார்கள்? டைம்ஷீட் என்று ஒன்று உண்டு. அதில் வாடிக்கைக் கம்பெனியிடம் பணம் வாங்கத் தேவையான மணி மட்டும் ஏறும். மிச்சம் காற்றோடு போகும்.

ப்ராஜெக்ட் முடிந்தால் 'பெஞ்ச்'. வேலை இல்லாமல் உட்கார வைப்பதற்குப் பெயர் அது. ஆண்டுக்கொரு முறை 'ரேட்டிங்' என்று மதிப்பெண் போடுகிறார்கள். அது குறைந்தவனை ஓர் அறைக்குள் அழைத்து ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள். எழுதாவிட்டால் அனுபவச் சான்று கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். ஏன் ராஜினாமா? அங்கேதான் சூட்சுமம். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீசும், முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டம் அதைச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. தானாகப் போனவனுக்கு இவை எதுவும் கிடையாது. பேனாவை அவன் கையில் கொடுத்து அவன் கழுத்தை அவனையே அறுக்கச் சொல்கிறார்கள்!

"நாங்கள் தொழிலாளிகள் இல்லையே" என்று இளைஞர்கள் சொல்வதுண்டு. சட்டம் யாரைத் தொழிலாளி என்கிறது? உடலுழைப்பு, தேர்ச்சி வேலை, தொழில்நுட்ப வேலை, எழுத்தர் வேலை எல்லாம் ஒரே வரியில் நிற்கின்றன. ரயில்வேயில் பேரேடு எழுதும் குமாஸ்தாவும் புரோகிராம் எழுதும் பிள்ளையும் அந்த வரியில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான் விலக்கு. 'மேனேஜர்' என்று அட்டையில் அச்சடித்துவிட்டால் மட்டும் அந்தப் பொறுப்பு வந்துவிடாது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்பதைத் தமிழ்நாடு அரசு 2016-இலேயே தெளிவுபடுத்தியது. பெங்களூரில் ஐ.டி. ஊழியர் சங்கம் 2017-இல் தோன்றியது.

அது தோன்றியது நல்லதாயிற்று. 2024 ஜூலையில் கர்நாடகத்தில் ஐ.டி. ஊழியரை நாளுக்குப் பன்னிரண்டு மணிக்கு மேலும் வேலை வாங்க வழி செய்யும் திருத்தத்தைக் கொண்டுவரப் பார்த்தார்கள். மூன்று மாதத்துக்கு 50 மணியாக இருந்த ஓவர்டைம் வரம்பை 125 ஆக்குவது யோசனை. தொழிலதிபர்கள் நெருக்குகிறார்கள் என்று தொழிலாளர் அமைச்சரே சொன்னார். இது 14 மணி வேலைநாள் என்று சங்கம் கூக்குரல் எழுப்பியது, அரசு பின்வாங்கியது. மறு ஆண்டு ஜூனில் பன்னிரண்டு மணி என்று வேறு உருவில் அதே பேச்சு திரும்பி வந்தது. கணக்கு எளிது. எட்டு மணி என்றால் நாளுக்கு மூன்று ஷிப்ட். பன்னிரண்டு என்றால் இரண்டே ஷிப்ட். மூன்றாவது ஷிப்ட்காரன் எங்கே போவான்?

இன்போசிஸ் நாராயணமூர்த்தி 2023-இல் இளைஞர்கள் வாரம் 70 மணி உழைக்க வேண்டும் என்றார். எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் 2025 தொடக்கத்தில் அதை 90 ஆக்கினார். ஞாயிறையும் சேர்த்தால் நாளுக்கு ஏறத்தாழ 13 மணி. ஏலம் போடுகிறார்கள் போலும்! 1973-இல் ரயில் என்ஜின் ஓட்டுநர்கள் போராடி 10 மணி வரம்பை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். 1974 மே மாதத்தில் லட்சக்கணக்கான ரயில்வே தொழிலாளர் சிறைக்கும் வேலைநீக்கத்துக்கும் அஞ்சாமல் 20 நாள் நின்றார்கள். அந்த மணிக்கணக்குகளை யாரும் தானமாகத் தரவில்லை.

இன்னொன்று. அதே கட்டடத்தில் தரை துடைக்கும் அக்காவும், வாசலில் நிற்கும் காவலாளியும், கான்டீனில் தட்டு கழுவும் தம்பியும் பெரும்பாலும் நம் சேரிகளிலிருந்தும் தங்கவயலிலிருந்தும் போகிறவர்கள். 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு மாரிக்குப்பம் வண்டியில் விடியுமுன் ஏறும் கூட்டம் அது. அவர்களுக்கு முதலாளி கம்பெனி அல்ல, கான்ட்ராக்டர். பி.எப். பிடித்தானா, கட்டினானா என்றே பலருக்குத் தெரியாது. மேல்மாடிப் பிள்ளையும் கீழ்த்தளத்து அக்காவும் ஒரே கதவில் விரல் வைத்து நுழைகிறார்கள், பேசிக்கொள்வதில்லை. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தங்கவயல் தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள்!

பெற்றோர்கள் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியது சம்பளம் எவ்வளவு என்பதை மட்டுமல்ல. நியமனக் கடிதம் எங்கே, சம்பளச் சீட்டு எங்கே, இரவில் வந்த உத்தரவுகளின் நகல் எங்கே என்றும் கேளுங்கள். எல்லாம் கம்பெனி கம்ப்யூட்டரிலேயே இருந்தால், வெளியேற்றும் நாளில் அட்டையோடு அவையும் பூட்டப்படும். ராஜினாமாத் தாளை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாமல் ஒரு நாள் அவகாசம் கேட்டு நேராக நம் சங்க அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் யாராவது ஒருவர் இருப்போம். தாள்களை இப்போதே அச்சடித்து, ரேஷன் கார்டு இருக்கும் அதே பெட்டியில் வைத்துவிடுங்கள்.