இன்ஜின் நின்னுபோன குட்டி விமானம்... ஃபிளாப்பை எப்போ இறக்கணும்?

2025 நவம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே தேசிய நெடுஞ்சாலையில் ஒரு பயிற்சி விமானம் அவசரமாகத் தரையிறங்கிய வீடியோ உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். தொழில்நுட்பக் கோளாறுதான் காரணம். உள்ளே இருந்த இருவரும் தப்பினார்கள். இந்த மாதிரி நேரத்தில் விமானியின் கையில் மிச்சம் இருப்பது மூன்றுதான்: உயரம், வேகம், ஃபிளாப்.

ஃபிளாப் என்ன செய்யும்?

இறக்கையின் பின் ஓரத்தில் கீழ்நோக்கி வளையும் பலகைதான் ஃபிளாப். பலரும் அதை பிரேக் என்று நினைக்கிறோம். அது பாதிதான் சரி. காற்றின் தடையைக் கூட்டுவதோடு, தூக்குவிசையையும் அது கூட்டுகிறது. அதனால் விமானம் இன்னும் மெதுவாகப் பறக்க முடியும்.

பயிற்சிக்கு அதிகம் பயன்படும் செஸ்னா 172எஸ் விமானத்தைப் பாருங்க. முழு எடையில், ஃபிளாப் இல்லாமல் 48 நாட் வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை தாங்காது. 30 டிகிரி முழு ஃபிளாப் இறக்கினால், 40 நாட் வரை தாங்கும். மணிக்கு 89 கி.மீ. எங்கே, 74 கி.மீ. எங்கே? மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி கூடுவதால், தரையைத் தொடும்போது இருக்கும் ஆற்றல் சுமார் 30% குறைகிறது. எதிரே மரமோ லாரியோ இருந்தால், அந்த 30%தான் உயிர்.

அப்போ உடனே இறக்கிடலாமா?

கூடாது. இன்ஜின் நின்றாலும் விமானம் கல் மாதிரி விழாது. மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்கு மேலே 3,000 அடியில் இன்ஜின் நின்றால், காற்று இல்லாத நாளில் சுமார் 8 கி.மீ. மிதந்து கிண்டியைத் தாண்டிவிடலாம். ஆனால் அது ஃபிளாப் மடங்கியிருந்து, வேகம் 68 நாட்டில் நின்றால் மட்டுமே. அவசரப்பட்டு முழு ஃபிளாப் இறக்கினால் சரிவு செங்குத்தாகும், கிண்டி எட்டாது. சரி, திரும்ப மடக்கினால்? மடக்கியதும் தூக்குவிசை குறைந்து இன்னும் கீழே போகும். ஈடுகட்ட இன்ஜினும் இல்லை. அதனால்தான் விதி இது: இறங்கும் இடம் உறுதியான பிறகே முழு ஃபிளாப்.

இன்ஜின் நல்லா இருக்கும்போதும் இதே கணக்குதான்

முழு ஃபிளாப்போடு 60 முதல் 70 நாட் வேகத்தில் வரணும். கூடுதல் வேகத்தில் வந்தால் விமானம் ஓடுபாதைக்கு மேலேயே மிதக்கும். பொறுமை இழந்து மூக்கை அழுத்தினால், முன்சக்கரம் மோதித் துள்ளும். அப்போ திராட்டிலை முழுசா கொடுத்து மேலே ஏறிவிடுவதே பாதுகாப்பு. அப்பவும் ஃபிளாப்பை ஒரேயடியாக மடக்கக் கூடாது. முதலில் 20 டிகிரி, வேகமும் உயரமும் கிடைத்த பிறகு 10, கடைசியில் பூஜ்யம்.

அடுத்த முறை இப்படி ஒரு வீடியோ வந்தால், 'அதிர்ஷ்டம்' என்று கமென்ட் போடும் முன் இறக்கையின் பின் ஓரத்தைக் கொஞ்சம் ஜூம் பண்ணிப் பாருங்க.