விமானத்துக்குப் பச்சை எரிபொருள் ஓகே... மணலிக்கு என்ன கிடைக்கும்?

மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையில் இருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு எரிபொருள் கொண்டுபோக தனிக் குழாயே இருக்கு. வெளிநாட்டு விமானங்களுக்கான எரிபொருளில் 2027-ல் 1%, 2028-ல் 2%, 2030-ல் 5% பசுமை எரிபொருள் கலக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இலக்கு. ஆக, இந்தப் பேச்சு சீக்கிரமே மணலி வாசலுக்கும் வரும்.

அதென்ன பசுமை எரிபொருள்? வைக்கோல், கரும்புச் சக்கை, மரத்தூள் மாதிரியான தாவரக் கழிவில் இருந்தும் பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் எடுக்க முடியும். காற்று புகாமல் சுமார் 500 டிகிரி சூட்டில் வைத்தால் கழிவு உடைந்து, கருப்பான எண்ணெய் கிடைக்கும். ஆனால் அதை அப்படியே ஊற்ற முடியாது. அமிலத்தன்மை அதிகம், ஆக்சிஜனும் அதிகம். ஹைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை நீக்கணும். அதற்கான கருவிகள் சுத்திகரிப்பு ஆலைகளில் ஏற்கெனவே இருக்கு. அதனால்தான், "புதுசா எதுக்கு கட்டணும், இருக்கிற ஆலையிலேயே கலந்து ஓட்டலாமே" என்கிறார்கள்.

இன்னொரு வழி எத்தனால். சிபிசிஎல்லின் தாய் நிறுவனமான இந்தியன் ஆயில், ஹரியானாவின் பானிபட்டில் 2022 ஆகஸ்ட்டில் இதற்கான ஆலையைத் திறந்தது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் இருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது திட்டம். அங்கே வைக்கோலை வயலிலேயே எரிக்கிறாங்க, டெல்லி மூச்சுத் திணறுது. அதனால் கணக்கு சரியாக வருகிறது.

இங்கே நிலைமை வேற. டெல்டாவில் வைக்கோல் குப்பை இல்லை, மாட்டுத் தீவனம். காசு கொடுத்துத்தான் வாங்கணும். கச்சா எண்ணெய் கப்பலில் வந்து, சென்னைத் துறைமுகத்தில் இருந்து குழாயில் மணலிக்குப் போயிடுது. வைக்கோல் லாரியில்தான் வரணும். பானிபட் அளவுக்கு, லாரிக்கு 10 டன் என்று வைத்தாலே தினமும் சுமார் 55 லோடு. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் திருவொற்றியூர், எண்ணூர் ரோட்டில் இதையும் சேர்த்துப் பாருங்க!

என் கருத்து இதுதான்: கழிவை எண்ணெயாக மாற்றும் வேலை சர்க்கரை ஆலைகள் பக்கத்திலேயே நடக்கட்டும். மணலிக்குத் திரவம் மட்டும் வரட்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. செடி வளரும்போது உறிஞ்சிய கார்பன்தான் திரும்ப வெளியேறுது என்பதால், விமானத்தின் கணக்கில் கார்பன் குறையும். மணலியின் உலையும் புகைபோக்கியும் அப்படியே இருக்கும். தேவைப்படும் ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவில் இருந்து எடுத்தால் அந்த கார்பன் டை ஆக்சைடும் இங்கேதான் வெளியேறும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. அது சிபிசிஎல் பகுதியில் இருந்து வந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. மீனவர்களின் படகும் வலையும் கருப்பானது. அதனால் இங்கே பசுமைத் திட்டம் வந்தால், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் விமானத்தின் கார்பன் கணக்கு மட்டும் போதாது. புகைபோக்கியில் எவ்வளவு கந்தகம், கால்வாயில் எவ்வளவு கழிவுநீர், வெள்ளம் வந்தால் எண்ணெயைத் தடுக்க என்ன ஏற்பாடு என்பதையும் தமிழில், எண்களோடு காட்டணும்.