கேமராவின் இருபுறமும்

பயணப் படங்களும் உருவப்படங்களும் எடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒளிப்பட இணையர்களின் தொகுப்புகள் இப்போது சமூக ஊடகங்களில் நிறைய வருகின்றன. கணவன் மனைவி, நண்பர்கள், உடன்பிறந்தோர் என்று இருவராகச் சேர்ந்து இயங்குபவர்கள் அவர்கள். காசிப் படித்துறையில் நீறு பூசிய துறவி, புஷ்கர் சந்தையில் தலைப்பாகை கட்டிய ஒட்டக வணிகர், லடாக்கில் சுருக்கம் விழுந்த முகத்தோடு சிரிக்கும் மூதாட்டி. படங்களின் நேர்த்தியில் பெரும்பாலும் குறை சொல்ல முடியாது. படத்தின் கீழே எடுத்த இருவரின் பெயர்கள் இருக்கும். ஊரின் பெயர் இருக்கும். சில வேளைகளில் லென்ஸின் பெயர்கூட இருக்கும். இல்லாதது ஒன்றுதான்: படத்தில் இருப்பவரின் பெயர்.

இந்த விடுபடல் தற்செயலானது அன்று. இந்தியாவில் இவ்வகைப் படங்கள் ஒரு தொழிலாக வளர்ந்த காலத்திலிருந்தே அது தொடர்கிறது. அந்தத் தொடக்கத்திலும் ஓர் இணையைக் காணலாம்.

நாட்டிங்காமில் வங்கி எழுத்தராக இருந்த சாமுவேல் போர்ன் 1863இல் இந்தியா வந்தார். சிம்லாவில் அவரும் சார்லஸ் ஷெப்பர்டும் கூட்டாளிகள் ஆனார்கள். போர்ன் மலைகளையும் நகரங்களையும் தேடிப் பயணம் செய்தார். ஷெப்பர்ட் உருவப்படங்கள் எடுப்பதிலும் அச்சிடுவதிலும் தேர்ந்தவர். பின்னர் கல்கத்தாவிலும் கிளை பரப்பிய ‘போர்ன் அண்ட் ஷெப்பர்ட்’ நிறுவனம் 2016இல் மூடப்படும்வரை உலகின் மிகப் பழைய ஒளிப்பட நிலையங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. போர்ன் மூன்று முறை இமயப் பயணம் மேற்கொண்டார். 1866இல் 18,000 அடிக்கும் மேலான மணிரங் கணவாயில் அவர் படமெடுத்தது அக்காலத்தில் பெரும் சாதனை.

அன்றைய ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டில் கரைசலைப் பூசி, அது உலரும் முன்னரே படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். ஆகவே இருட்டறைக் கூடாரம், ரசாயனக் குப்பிகள், கண்ணாடித் தகடுகள் என ஒரு சிறு தொழிற்கூடமே கணவாய் ஏற வேண்டியிருந்தது. ஏற்றியவர்கள் மலைவாழ் சுமைகூலிகள், பயணத்துக்குப் பத்துக்கணக்கானோர். போர்ன் லண்டன் இதழுக்கு எழுதிய பயணக் கட்டுரைகளில் அவர்கள் வருகிறார்கள். ஆனால் பெரும்பாலும் புகாராகவே வருகிறார்கள். சுமையைப் போட்டுவிட்டு ஓடினார்கள், சொன்ன சொல் கேட்கவில்லை என்ற அளவில். பனிமலையின் படம் போர்னின் பெயரில் நிலைத்தது. அதைச் சாத்தியமாக்கிய தோள்கள் ‘கூலிகள்’ என்ற பன்மைக்குள் கரைந்தன.

உருவப்படத்தின் கதை இதைவிடக் கடுமையானது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்ற அரசுத் தொகுப்பு, மனிதர்களைச் சாதியாகவும் இனக்குழுவாகவும் அடுக்கியது. அதில் ஒருவர் தாமாக இருப்பது அரிது. தம் கூட்டத்தின் மாதிரியாகவே பெரும்பாலும் இருப்பார். 1869இல் லாம்ப்ரே என்பவர் இரண்டு அங்குலச் சதுரக் கட்டங்களுக்கு முன் மனித உடலை நிறுத்திப் படமெடுக்கும் முறையை வகுத்தார். பின்னர் அந்தமானில் மாரிஸ் விடல் போர்ட்மன் அத்தகைய கட்டத்திரைக்கு முன் பழங்குடி மக்களை நிறுத்திப் படமெடுத்தார். அங்கு முகம், அளந்து எழுதிக்கொள்ள வேண்டிய ஒரு பரப்பு மட்டுமே.

இவ்வரலாற்றை வைத்துப் பார்த்தால், ஒளிப்பட இணை என்பதனாலேயே ஒரு படைப்புக்குக் கூடுதல் மதிப்பு வந்துவிடுவதில்லை. போர்னும் ஷெப்பர்டும் இருவர்தான். ஆனால் இருவரும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள். பார்வை இரட்டித்தது, பார்க்கும் திசை ஒன்றாகவே இருந்தது. ஆகவே ஓர் இணையைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அவர்களில் எவரேனும் மறுபுறத்திலிருந்து வந்தவரா என்பதே.

பெங்களூரில் 2000 முதல் 2004 வரை புஷ்பமாலாவும் கிளேர் ஆர்னியும் சேர்ந்து செய்த ‘தென்னிந்தியப் பூர்வீகப் பெண்கள்’ என்ற படத்தொடர் இக்கேள்விக்கு ஒரு விடை தந்தது. ஆர்னி தென்னிந்தியாவில் வளர்ந்த ஒளிப்படக் கலைஞர். காவிரிக் கரைத் தலங்களைப் படமெடுத்தவர். புஷ்பமாலா சிற்பக் கலை பயின்றவர். அவரே கேமராவின் முன் நின்றார். ரவிவர்மா ஓவியத்துப் பெண், நாளிதழ்ப் படமொன்றில் குற்றவாளியாகக் காட்டப்பட்ட பெண், வேளாங்கண்ணி மாதா என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த உருவங்களை வேடமிட்டு மீண்டும் நிகழ்த்தினார். போர்ட்மன் பாணிக் கட்டத்திரையும் அத்தொடரில் உண்டு. அதன்முன் நிற்பவர் அந்தப் படத்தின் ஆசிரியர்களுள் ஒருவர் என்று தெரியும் கணத்தில், அளக்கும் கண்ணின் அதிகாரம் கேலிக்குரியதாகிவிடுகிறது. ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. திரைக்கு முன் நின்றவர் நகரத்தின் அறியப்பட்ட கலைஞர். அந்தமான் பெண்ணோ தோடர் பெண்ணோ அங்கு வேடமாகத்தான் வந்தார், பேசுபவராக வரவில்லை.

அந்த எல்லையைக் கடந்து ஓரடி வைத்தது கௌரி கில், ராஜேஷ் வாங்கட் இணை. மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், தஹாணு வட்டத்தைச் சேர்ந்த கஞ்சாட் என்ற ஊர் வாங்கட்டின் சொந்த ஊர். அவர் வார்லி ஓவியர். வார்லி மக்களின் திருமணச் சடங்கில் மணமான பெண்கள் செம்மண் சுவரில் அரிசி மாவால் வரைந்துவந்த மரபு அது. 1970களில் ஜிவ்யா சோமா மாஷே போன்றவர்களால் தாளுக்கும் துணிக்கும் மாறி உலகறிந்தது. கில் சண்டிகரில் பிறந்து டெல்லியில் வாழும் ஒளிப்படக் கலைஞர். 2023இல் ‘பிரி பிக்டெட்’ விருது பெற்றவர். 2013இல் கஞ்சாட்டுக்குச் சென்ற கில், வாங்கட்டின் நினைவில் நின்ற இடங்களில் அவரை நிறுத்திப் படமெடுத்தார். அந்த வகையில் அவை ஒரே நேரத்தில் பயணப் படங்களும் உருவப்படங்களும் ஆகும்.

ஆனால் படங்களை வைத்துப் பார்த்தபோது, வாங்கட் சொன்ன கதைகள் எவையும் அவற்றில் இல்லை. வயல் இருந்தது; அங்கு முன்பு இருந்த காடு இல்லை. வறண்ட நிலம் இருந்தது; அந்த வறட்சியில் மக்கள் பட்டது இல்லை. தெய்வங்கள் இல்லை, முன்னோர் இல்லை. கேமரா கண்முன் உள்ளதை மட்டுமே அறியும். ஊர்க்காரரின் கண்ணுக்கோ நிலத்தில் நடந்து முடிந்தவையும் தெரிகின்றன. எனவே வாங்கட் அந்தக் கருப்பு வெள்ளைப் படங்களின் மீதே மையால் வரைந்தார். வானத்திலும் மண்ணிலும் நூற்றுக்கணக்கான சிற்றுருவங்கள் நிறைந்தன. படத்தில் ஒரு மனிதர் நிற்கிறார். அவரைச் சுற்றி அவர் அறிந்த உலகம் அவர் கையாலேயே எழுதப்பட்டிருக்கிறது. தொடருக்கு இருவரும் ஆசிரியர்கள். இருவர் பெயரும் உண்டு.

இதன் சிறப்பு அழகில் மட்டும் இல்லை. ‘இந்த இடம் எப்படி இருக்கிறது’ என்பதைப் பயணி சொல்ல, ‘இந்த இடம் என்ன’ என்பதை அங்கு வாழ்பவர் சொல்கிறார். இறுதிச் சொல் அவருடையது; ஏனெனில் கோடு படத்துக்கு மேலே விழுகிறது. அதே மாவட்டத்தின் ஜவ்ஹார் பகுதியில் 2015 முதல் கில் செய்துவரும் உருவப்படத் தொடரும் இதே அறத்தைப் பின்பற்றுகிறது. அங்குள்ள காகிதக்கூழ் முகமூடிக் கலைஞர்களோடு சேர்ந்து உருவான அப்படங்களில், அன்றாட வாழ்வைக் காட்டும் முகமூடிகளை அவர்களே செய்தார்கள்; அணிந்து நின்றவர்களும் அவ்வூர் மக்களே.

இதற்கு மறுப்புகள் உண்டு. காட்சிக்கூடத்தின் கதவு டெல்லிக் கலைஞருக்குத் திறப்பதுபோல் கஞ்சாட் ஓவியருக்குத் திறப்பதில்லை. விருதும் விமர்சனமும் பெரும்பாலும் ஒரு பெயரையே தேடி வருகின்றன. எனவே சமத்துவம் படத்துக்குள் மட்டுமே நிகழ்கிறது என்பது முதல் மறுப்பு. அது உண்மையே. ஆனால் படத்துக்குள்ளும் நிகழாத சமத்துவம் வெளியே நிகழும் என்று எதிர்பார்க்க வழியில்லை. பெயர் ஒன்றாக அச்சாவது உரிமையையும் வருவாயையும் பற்றிப் பேசுவதற்கான முதல் ஆவணம். ‘கூலிகள்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எந்தப் பங்கையும் கோர முடியாது.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. ஓர் ஊரில் ஒரு நாள் தங்கும் பயணிக்கு ஆண்டுக்கணக்கான கூட்டுழைப்பு எப்படிச் சாத்தியம்? சாத்தியமில்லைதான், எவரும் அதைக் கேட்கவும் இல்லை. கேட்பது மிகச் சிறிது. படமெடுக்கும் முன் இசைவு பெறுதல். பெயரைக் கேட்டு, அவர் விரும்பினால் அதைப் பிழையின்றி எழுதுதல். அவர் சொன்ன ஒரு வாக்கியத்தையேனும் படத்தோடு சேர்த்தல். ஒரு பிரதியை அவர் கையில் சேர்ப்பித்தல். அவர் வேண்டாம் என்றால் படத்தை விட்டுவிடுதல். இருவராகச் செல்பவர்களுக்கு இது இன்னும் எளிது: ஒருவர் ஒளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றவர் பேசிக்கொண்டிருக்கலாம்.

கஞ்சாட் படங்களை இன்று மீண்டும் பார்ப்பதற்கு ஓர் அவசரமான காரணமும் இருக்கிறது. 1991இல் சூழலியல் நோக்கில் எளிதில் சிதையக்கூடிய பகுதி என்று அறிவிக்கப்பட்ட வட்டம் தஹாணு. அதன் கடற்கரையில் 76,220 கோடி ரூபாய் மதிப்பிலான வாத்வன் துறைமுகத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. மீனவரும் பழங்குடி மக்களும் நெடுங்காலமாக எதிர்த்துவந்த திட்டம் அது. துறைமுகத்தோடு சாலையும் தண்டவாளமும் கிடங்குகளும் வரும். அந்த நிலத்தின் வரைபடங்களும் செயற்கைக்கோள் படங்களும் அறிக்கைகளில் ஏராளமாக இருக்கும். அவை எல்லாம் மேலிருந்து பார்ப்பவை, கட்டத்திரையின் வழித்தோன்றல்கள். அங்கு எந்த மரத்தடியில் எந்தத் தெய்வம் இருந்தது, எந்த மேட்டில் யார் வாழ்ந்தார்கள் என்பதை அவற்றில் தேட முடியாது. கஞ்சாட்டைப் பொறுத்தவரை அவ்வாறான ஒரு பதிவு, அவ்வூர்க்காரர் ஒருவரின் கையெழுத்தில், அவர் பெயரோடு இருக்கிறது.

பயணப் படமும் உருவப்படமும் வெறும் அலங்காரம் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஒரு நிலத்தைப் பற்றி முடிவெடுக்கப்படும்போது, அதில் வாழ்ந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு என்றோ எடுத்த ஒரு படம் விடையாகலாம். பெயரற்ற ஓர் அழகிய முகமாகவும் எஞ்சிவிடலாம். எது நிகழும் என்பதைப் படமெடுத்த நாளிலேயே, அதன் கீழே எழுதப்படும் ஒரு வரி தீர்மானித்துவிடுகிறது. அடுத்த தொகுப்பை வெளியிடப்போகும் இணையர்கள் தம் இரு பெயர்களோடு மூன்றாவதாக ஒரு பெயரையும் சேர்த்து எழுதத் தொடங்கலாம்.