முப்பது கிலோவுக்கு மேல் வேண்டாம்

நேபாளத்தின் லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம் நோக்கி நடப்பவர்களுக்கு இரண்டாம் நாள்தான் முதல் சோதனை. 2,610 மீட்டர் உயரத்தில் உள்ள பக்டிங்கில் புறப்பட்டு, தூத் கோசி ஆற்றைத் தொங்கு பாலங்களில் மாறி மாறிக் கடந்து, 3,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் நாம்சே பஜாரை அடைய வேண்டும். கடைசிப் பாலத்துக்குப் பிறகு சுமார் 600 மீட்டர் ஒரே ஏற்றம். தண்ணீர் பாட்டிலும் மழைக்கோட்டும் மட்டும் சுமக்கும் பயணிக்கே அங்கே மூச்சு வாங்குகிறது. அவருடைய பெரிய பையைச் சுமந்து செல்பவரின் நிலையைப் பயணிகள் கவனித்தாக வேண்டும். அரசு விதி போடட்டும், பயண நிறுவனம் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிவிட முடியாது. பணம் கொடுப்பவர் கேட்டால்தான் அந்தப் பாதையில் நிலைமை மாறும்.

அங்கே சுமை முதுகில் கிடந்தாலும் அதைத் தாங்கி இழுப்பது நெற்றிதான். 'நாம்லோ' என்ற பட்டையை நெற்றியில் மாட்டி, கூடையை அதில் தொங்கவிட்டு நடக்கிறார்கள். கீழே இறக்கிவைத்தால் மீண்டும் தூக்குவது பெரும்பாடு என்பதால், 'தோக்மா' எனப்படும் குட்டைக் கைத்தடியைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, நின்றபடியே இளைப்பாறுகிறார்கள். நாம்சே சந்தைக்குச் சரக்கு கொண்டுசெல்பவர்களை ஆராய்ந்து 2005-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான கட்டுரை, ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 சதவீதம் சுமந்ததாகச் சொல்கிறது. மற்றவர்களைவிடக் குறைந்த சக்தியைச் செலவழித்து அவர்கள் இந்தச் சுமையைத் தூக்குகிறார்கள் என்பதும் அதில் தெரியவந்தது. அது அவர்களுடைய திறமைக்குச் சான்று. எவ்வளவு ஏற்றினாலும் உடம்பு தாங்கும் என்பதற்குச் சான்று ஆகாது.

'மலையில் பிறந்தவர்கள், அவர்களுக்குப் பழக்கம்தான்' என்பது பலரும் சொல்லும் சமாதானம். ஆனால் பயணிகளின் பை சுமப்பவர்களில் பெரும்பாலோர் உயரத்திலேயே வாழும் ஷெர்ப்பாக்கள் அல்லர். ராய், தமாங், மகர் போன்ற சமூகங்களைச் சேர்ந்த, தாழ்ந்த குன்றுகளில் விவசாயம் பார்ப்பவர்கள் அவர்களில் ஏராளம். 5,364 மீட்டர் உயர அடிவார முகாமில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். அங்கே நம்மைத் தாக்கும் உயர நோய் அவர்களையும் தாக்கும். 1997-இல் நோய் முற்றிய இளம் சுமைக்காரர் ஒருவரைக் கூலிக் கணக்கை முடித்துத் தனியே கீழே அனுப்பினார்கள், அவர் இறந்துபோனார். சர்வதேச சுமைக்காரர் பாதுகாப்புக் குழு உருவானதே அந்தச் சாவுக்குப் பிறகுதான். 2014 அக்டோபரில் அன்னபூர்ணா பகுதியிலும் அதை ஒட்டிய மலைகளிலும் வீசிய பனிப்புயலில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பயணிகளோடு வழிகாட்டிகளும் சுமைக்காரர்களும் அதில் போனார்கள்.

எடைக்கு வரம்பு வைத்தால் ஏழையின் கூலிதானே குறையும் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. கிலோக் கணக்கில் கூலி வாங்கும் சரக்குக்காரருக்கு அது உண்மை. பயணிகளோடு வருபவருக்கோ பொதுவாக நாள் கூலிதான். அவர் முதுகில் 40 கிலோ ஏற்றினால் மிச்சமாவது நிறுவனத்துக்கு; ஏற்றாவிட்டால் இன்னொருவருக்கு வேலை கிடைக்கும். நேபாளத்துக்குச் சுமைக்காரர் பாதுகாப்புக் குழு பரிந்துரைக்கும் உச்ச வரம்பு 30 கிலோ. இரண்டு பயணிகளுக்கு ஒருவர் என்றால் ஆளுக்கு 15 கிலோ ஆகிறது. ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலைக்கு அதே குழு சொல்வது 20 கிலோதான். செலவு கூடும் என்பது உண்மையே. ஆனால் விமானக் கட்டணம், காலணி, குளிர் உடைகள் என்று பெருந்தொகை செலவிடுபவர், பயணத்துக்கே ஆதாரமான மனிதரின் பாதுகாப்பில் மட்டும் மிச்சம் பிடிப்பது அநியாயம்.

தமிழ்நாட்டிலிருந்தும் இப்போது பலர் அந்தப் பாதைக்குப் போகிறார்கள். முன்பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் கேளுங்கள்: ஒருவர் எத்தனை கிலோ சுமப்பார்? குளிருக்கேற்ற உடையும் காலணியும் அவருக்கு உண்டா? இரவில் எங்கே படுப்பார்? காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? நோய்வாய்ப்பட்டால் துணைக்கு ஆள் போட்டுக் கீழே அனுப்புவீர்களா? நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். புறப்படும் நாளில் கூடையின் எடையை நீங்களே பாருங்கள். கூடுதலாக இருந்தால் இன்னொருவரை அமர்த்தச் சொல்லுங்கள்.