யந்திரத்தின் காது யாருக்காக?

பேசினால் எழுதும் யந்திரம் வந்துவிட்டது. கைப்பேசியில் அது இருக்கிறது. வங்கிக்குப் போன் செய்தால் பல சமயம் அதுதான் முதலில் பேசுகிறது. 2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டில் வக்கீல்களின் வாதத்தையும் அது எழுத்தாக்கியது.

இதில் மாயம் ஏதுமில்லை. நம் பேச்சால் காற்றில் எழும் அதிர்வை மைக் மின்னோட்டமாக மாற்றுகிறது. கம்ப்யூட்டர் ஒரு விநாடிப் பேச்சைச் சுமார் நூறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் எண்களாக மாற்றுகிறது. அவை எந்த ஒலி, எந்தச் சொல், அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிட்டு எழுதுகிறது.

இந்தக் கணக்கை அதற்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? மனிதர்களே! ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சைப் பதிந்து, அதை மனிதர்கள் காதால் கேட்டு எழுதி, இரண்டையும் சேர்த்து யந்திரத்துக்கு ஊட்டினார்கள். 1952ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்த 'ஆட்ரி'க்குப் பத்து எண்கள் மட்டுமே விளங்கின. அதுவும் பழகிய குரலில் சொன்னால்தான். இன்றைய யந்திரத்தின் அறிவு ஏராளமான மக்களின் குரலால் வளர்ந்தது. லாபமோ பகாசுரக் கம்பெனிகளுக்கு!

யார் குரலை ஊட்டினார்களோ, அவர்கள் பேச்சே அதற்கு நன்கு விளங்கும். 2020ல் அமெரிக்காவில் ஐந்து பெரிய கம்பெனிகளின் சாதனங்களைச் சோதித்தனர். வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்கு 19 பிழை. கறுப்பின மக்கள் பேச்சில் 35 பிழை. சமுதாயம் ஒதுக்கியவர்களை யந்திரமும் ஒதுக்கியது.

நமது மத்திய சர்க்கார் 2022ல் 'பாஷினி' திட்டத்தைத் துவக்கியது. தமிழும் அதில் உண்டு. எந்தத் தமிழ் என்பதே நம் கேள்வி. செய்தி வாசிப்பவரின் தமிழா? தஞ்சையில் நாற்று நடும் பெண்ணின் தமிழா? கோவை மில்லின் இரைச்சலுக்கு நடுவே பேசும் தொழிலாளியின் தமிழா? எழுதப் படிக்கத் தெரியாத தாய் தன் கூலி பாக்கியை வாயால் சொல்லிப் புகார் செய்ய முடியுமானால், அது பெரும் நன்மை. ஆனால், யந்திரம் பிழையாக எழுதினால் அவள் கூலி போய்விடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பல நாடுகளில் சரக்குக் கிடங்குத் தொழிலாளியின் காதில் யந்திரம் உத்தரவிடுகிறது. எடுத்த ஒவ்வொரு பெட்டிக்கும் அவர் வாயால் பதில் சொல்ல வேண்டும். எடுத்த நேரமெல்லாம் கணக்கில் ஏறுகிறது. அமேசான், கூகிள், ஆப்பிள் சாதனங்கள் வீடுகளில் பதிந்த பேச்சில் ஒரு பகுதியை, கம்பெனிகள் அமர்த்திய ஆட்கள் கேட்டுவந்தது 2019ல் அம்பலமாயிற்று.

விஞ்ஞானத்தை நாம் எதிர்க்கவில்லை. அது மேஸ்திரியின் ஒட்டுக்கேட்கும் காதாவதையே எதிர்க்கிறோம். நமது கோரிக்கைகள் இவை:

சம்மதமும் கூலியுமின்றி உழைப்பவர் குரலைப் பதியக் கூடாது. தொழிற்சங்கத்தின் ஒப்புதலின்றி வேலைத்தலத்தில் இச்சாதனம் நுழையக் கூடாது. சர்க்கார் ஆபீசில் யந்திரம் எழுதிய புகாரை, சொன்னவருக்குப் படித்துக் காட்டிய பிறகே ஏற்க வேண்டும்.

மில் வாயிலிலும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளிலும் இவற்றை விவாதியுங்கள். தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள்!