தோசையும் முள்கரண்டியும்

தில்லியின் பெரிய உணவகங்கள் பலவற்றில், ஞாயிறுதோறும் காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கி ‘பிரஞ்ச்’ என்னும் விருந்து அளிக்கின்றனர். இச்சொல் 1895ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் வழங்கியது. அவ்விருந்தில் இன்று தோசையும் இடம்பெறுவதுண்டு.

அங்கேதான் சிக்கல். வீட்டில் தோசையைக் கையால் பிட்டு உண்ணும் தமிழ்ச் சிறுவர், அங்கே அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கத்தியையும் முள்கரண்டியையும் எடுக்கின்றனர். மொறுமொறுப்பான தோசை, கத்தி பட்டதும் நொறுங்கித் தட்டுக்கு வெளியே தெறிக்கிறது. சாம்பாரில் தோய்க்க ஒரு நல்ல துண்டுகூட மிஞ்சுவதில்லை. ‘இங்கே கையால் சாப்பிடாதே’ என்று பெற்றோர் சிலர் கண்ணாலேயே அடக்குகின்றனர். இந்தக் கூச்சம் தேவையற்றது.

முள்கரண்டி வேண்டாத பொருளன்று. நூடுல்ஸ் உண்பதற்கு அது மிகவும் ஏற்றது. ஆயினும், எதை எவ்வாறு உண்பது என்பதை உணவின் இயல்பே முடிவு செய்ய வேண்டும். உணவகத்தின் விளக்கு அலங்காரம் அன்று. எத்தியோப்பியர், தோசையைப் போலவே புளித்த மாவில் செய்யப்படும் இஞ்செராவை உணவகத்திலும் கையாலேயே உண்கின்றனர். சப்பானில் சூஷியைக் கையால் எடுத்து உண்பது முறைகேடாகாது. அவ்வளவு தொலைவு செல்வானேன்? அதே தில்லி உணவகத்தில், அடுத்த மேசையில் இருப்போர் தந்தூரி ரொட்டியைக் கையால்தானே பிட்டு உண்கின்றனர்!

கைகளை நன்கு கழுவிக்கொண்டு, விரல் நுனிகளால் உண்ணலாம். எச்சில் கை படாமல், சட்னிக் கரண்டியை மட்டும் இடக்கையால் எடுத்தால் போதும்.