பால்கோவாவுக்கு ரசீது உண்டா?

சென்ற மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த நம் வாசகர் வட்டக் கூட்டம் முடிந்து, தேநீர் ஆறிக்கொண்டிருந்த வேளையில், மூத்த வாசகர் ஒருவர் கேட்டார்: “நாம் திரட்டிக் கொடுத்த பணத்தில் அந்த அம்மா பால்கோவா வாங்கினார்களாமே, உண்மைதானா?”

கேட்டவர் நல்லவர். நிதி திரட்டியபோது மறுநாளே ஐயாயிரம் ரூபாய் அனுப்பியவர். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாமும் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டோம். அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறோம். பதில் சற்று நீளமானது; பொறுத்தருள்க.

தோழி ராஜபாளையத்தில் வசிப்பவர். நம்மோடு முதுகலைத் தமிழ் படித்தவர். கல்லூரி ஒன்றின் சுயநிதிப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறார். 2023 ஆடியில் இடது மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. விடைத்தாள் திருத்தும் வேலை முடியட்டும் என்று மூன்று வாரம் எவரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டு, பிறகுதான் மருத்துவரிடம் போனார். திசுப் பரிசோதனையில் புற்றுநோய் என்று உறுதியாயிற்று. அதே கட்டியை வைத்து ஹார்மோன் ஏற்பிகள் உண்டா, ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்திருக்கிறதா என்று இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். மருந்தைத் தீர்மானிப்பது அதுதான். ஹெர்-2 இல்லை என்று வந்தது. இருந்திருந்தால் டிராஸ்டுசுமாப் ஊசியை ஓராண்டுக் காலம் போட்டிருக்க வேண்டும். நாம் திரட்டிய தொகை அதற்குமுன் எம்மட்டு!

மதுரையில் அரசு மருத்துவமனையில் சிகிச்சை. அறுவை, கீமோதெரபி, கதிர்வீச்சு எல்லாம் அங்கேதான் நடந்தன. ஒரு ரூபாய் வாங்கவில்லை. மருத்துவர்களைப் பற்றியும் செவிலியர்களைப் பற்றியும் தோழி இன்றுவரை ஒரு குறை சொன்னதில்லை. ஆகவேதான் வட்டத்தில் பலருக்கு அந்தச் சந்தேகம் எழுந்தது: எல்லாம் இலவசம் எனில் பணம் எதற்கு?

இலவசச் சிகிச்சைக்கு எவ்வளவு செலவாகும் என்பதை நாமும் அதுவரை அறிந்திருக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறோம்.

தமிழ்நாட்டு அரசின் காப்பீட்டுத் திட்டத்தை நாம் குறைத்துப் பேசுபவர்கள் அல்லர். 2009-இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான திட்டமாகி, 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, ஐந்து லட்சம் வரை காக்கிற திட்டம் அது. தோழி விண்ணப்பிக்கப் போனபோது குடும்ப வருமான உச்சவரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். தோழியின் சம்பளம் மாதம் பதினாறாயிரம். பெருக்கிப் பாருங்கள். அட்டை கிடைக்கவில்லை. அட்டை இருந்திருந்தாலும் அது படுக்கைக்கும் கத்திக்கும் மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் பொறுப்பேற்றிருக்கும். ராஜபாளையத்துக்கும் மதுரைக்கும் இடையே கிடக்கும் எண்பத்தைந்து கிலோமீட்டருக்கு எந்த அட்டையும் பொறுப்பேற்பதில்லை.

அந்த எண்பத்தைந்து கிலோமீட்டரைச் சற்று நடந்து பார்ப்போம். கீமோ மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் முதலில் ரத்தப் பரிசோதனை. வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் “அடுத்த வாரம் வாங்கம்மா” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது மருத்துவ நியாயம்; உயிரைக் காப்பதற்காகச் சொல்வது. ஆனால் பேருந்து நடத்துநரிடம் அந்த நியாயத்தைச் சொல்லிக் கட்டணத்தைத் திரும்பப் பெற முடியாது. நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மதுரை செல்லும் பேருந்துக்கு அது பொருந்தாது. ரயிலில் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் முழுச்சலுகையும் உடன் செல்பவருக்கு முக்கால் பங்கும் உண்டு. பொதிகையில் ஏறிச் சென்னை அடையாறுக்குப் போகிறவர்களுக்கு அது பேருதவி. காலையில் மதுரையில் வரிசையில் நிற்க வேண்டியவருக்கு ரயில் நேரம் ஒத்துவரவில்லை. கீமோ முடிந்து வாந்தியோடு திரும்புகிறவரைப் பேருந்தில் நிற்கவைத்துக் கூட்டிவர இயலாது என்பதால், நான்கு முறை கார் பிடிக்க வேண்டியிருந்தது.

கதிர்வீச்சுக்குப் பதினைந்து நாள். சனி, ஞாயிறு கிடையாது. ஆக மூன்று வாரம். எந்திரத்தின் கீழ் படுத்திருப்பது பத்து நிமிடந்தான். அந்தப் பத்து நிமிடத்துக்காக மதுரையில் ஒரு அறை எடுக்க வேண்டும், அல்லது நாள்தோறும் போய்த் திரும்ப வேண்டும். அறை எடுத்தார்கள்.

துணைக்கு யார்? தோழியின் தங்கை. அவர் சத்திரப்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறார். ராஜபாளையத்துக்குப் பக்கத்திலிருக்கும் அந்தச் சத்திரப்பட்டி எதை நெய்கிறது என்பது நம் வட்டத்துக்குத் தெரிந்ததே: மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி. அக்காளின் மார்பில் சுற்றிய துணி தங்கையின் தறியில் ஓடியதாகவும் இருக்கலாம். (எழுத்தாளர் எவரேனும் கற்பனை செய்திருந்தால் மிகையென்று நாமே வெட்டியிருப்போம்.) தறி ஓடினால்தான் கூலி. அக்காளோடு மதுரையில் இருந்த நாட்களில் தங்கையின் கூலி முழுதும் போயிற்று. இதற்கு எந்த அலுவலகத்தில் ரசீது வாங்குவது?

இன்னும் உண்டு. விடுப்பெல்லாம் தீர்ந்தபின் தோழிக்குச் சம்பளமில்லா விடுப்பு, ஏழு மாதம். அறுவைக்குப்பின் கையை உயர்த்த முடியாதாகையால் முன்புறம் திறக்கும்படி ஆறு ரவிக்கைகள் புதிதாகத் தைக்க வேண்டியிருந்தது. அக்குள் நெறிகட்டிகளை நீக்கிய கை வீங்கிவிடக் கூடாது. அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கவே கூடாது. ஆகவே தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். மகள் பிளஸ் டூ. இவற்றுள் எதுவும் மருத்துவச் செலவு அன்று. ஆனால் இவற்றுக்குப் பணமில்லாமல்தான் பலர் நான்காவது கீமோவோடு நின்றுவிடுகிறார்கள் என்று தோழி வரிசையில் நிற்கையில் கேட்டறிந்தார். அவ்வரிசையில் ராஜபாளையத்துப் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரும் இருந்தார். இ.எஸ்.ஐ. சட்டப்படி, இரண்டாண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்தவர்க்குப் புற்றுநோய்க் காலத்தில் ஊதியத்தில் எண்பது விழுக்காடு, ஈராண்டு வரைகூடக் கிடைக்கும். அந்தப் பெண் ஒப்பந்தக்காரரின் ஆள். அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இனிப் பால்கோவா. 2024 பங்குனியில் கதிர்வீச்சின் கடைசி நாள். முந்தைய ஞாயிறன்று ஊருக்கு வந்திருந்த தோழி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி இரண்டு கிலோ பால்கோவா வாங்கிப் போனார். செவிலியர்க்கு, எந்திரம் இயக்கும் தம்பிக்கு, மூன்று வாரம் தம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். எங்கள் ஊர்க்காரர் வெறுங்கையோடு விடைபெற மாட்டார். அது எந்தப் பணம் என்று நாம் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.

ஏனெனில் அந்தக் கேள்வி எழுவதற்கே ஒரு முன்முடிவு வேண்டும். கொடுத்தபின்னும் பணம் நம்முடையது, அவர் அதன் காவலர் மட்டுமே, நாம் எப்போது வேண்டுமானாலும் கணக்குப் பார்க்கலாம் என்பது அம்முன்முடிவு. திருக்குறளில் ஒப்புரவறிதலும் ஈகையும் அடுத்தடுத்து வரும் இரண்டு அதிகாரங்கள், 22, 23. வள்ளுவர் ஏன் அவற்றை ஒன்றாக்கவில்லை என்று வகுப்பில் மாணவர்களைக் கேட்பது நம் வழக்கம். ஈகை வறியவர்க்கு இடுவது. ஒப்புரவு, உலக நடையறிந்து, உடன் வாழ்வோர்க்குச் செய்வது. முன்னதில் கை மேலும் கீழுமாக இருக்கிறது. பின்னதில் அப்படி இல்லை. நம் வட்டம் ஒப்புரவு என்று பேர் சொல்லி ஈகை செய்தது. ஈகையிலும் கணக்குக் கேட்கும் ஈகை எந்த அதிகாரத்தில் வருமோ, அறியோம்.

இதே நம் ஊர்களில் மொய் எப்படி நடக்கிறது? கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எதுவாயினும் பந்தல் வாசலில் ஒரு மேசை, ஒரு நோட்டு, ஒரு பேனா. பெயர், ஊர், தொகை. பெற்றவர் அந்தப் பணத்தில் பந்தல்காரருக்குக் கொடுத்தாரா, பழைய கடனை அடைத்தாரா, சீட்டுக் கட்டினாரா என்று எந்த மாமனும் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் உறவு அறுந்துபோகும். நாளை நம் வீட்டு மேசையில் அதே கை வந்து எழுதும் என்ற நம்பிக்கை ஒன்றே அதற்குக் கணக்கு. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் ஆடி மாதம் மொய் விருந்து என்றே தனியாக நடத்தி, அந்த முதலை வைத்துக் கிணறு வெட்டுகிறார்கள், கடை போடுகிறார்கள். மொய்த்தல் என்றால் சூழ்ந்து நெருங்குதல். சொல்லே அழகானது. மகிழ்ச்சியைச் சூழ்ந்து நெருங்க நமக்கு நோட்டும் பேனாவும் இருக்கின்றன. நோயென்றால் மட்டும் அதே பணம் ‘உதவி’ என்று பெயர் மாறி, ரசீது கேட்கிறது. நோய்க்கு ஏன் ஒரு மொய் இல்லை? பெண்ணின் மார்பில் வந்த நோய் என்பதால் மேசை போட்டு எழுதக் கூச்சமா? 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்நோய் கண்டது என்கிறது குளோபோகான் கணிப்பு. கூச்சப்பட இனி நேரமில்லை என்றே தோன்றுகிறது.

மூத்த வாசகரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நேர்மையாகாது. முதல் பிழை நம்முடையது. நிதி வேண்டி நண்பர்களுக்கு ஒரு மடல் எழுதினோம். தமிழ் படித்தவர்கள் அல்லவா, சொல்லுக்கா பஞ்சம்! ‘விதியின் கொடுங்கரம்’ இருந்தது. ‘தனித்து நிற்கும் தாய்’ இருந்தார். மகளின் கண்ணீர்கூட ஓரிடத்தில் வழிந்தது. அனுப்புமுன் தோழியிடம் காட்டினோம். கீமோவில் முடியெல்லாம் உதிர்ந்து தலையில் துண்டு கட்டியிருந்தார். சிவப்பு மையால் விடைத்தாள் திருத்துவதுபோல் திருத்தினார். அடைமொழிகள் எல்லாம் போயின. கண்ணீர் போயிற்று. மிஞ்சியது மூன்று வரி: இன்னாருக்கு இன்ன நோய், இவ்வளவு தேவை, வங்கிக் கணக்கு எண் இது. ஓரத்தில் ஒரு குறிப்பு: “இதில் வருகிற பெண்மணி யார்? எனக்கு அறிமுகமில்லை.”

மூன்று வரி மடலே போயிற்று. நீண்ட மடல் போயிருந்தால் பணம் கூடுதலாக வந்திருக்கும் என்று இன்றும் நம்மில் சிலர் சொல்கிறார்கள். வந்திருக்கலாம். ஆனால் தோழி அந்தக் கதையின் தலைவியாகவே மிச்ச நாளெல்லாம் நடமாட வேண்டியிருந்திருக்கும். கதைத்தலைவி சிரிக்கலாமா? புதுச் சேலை உடுத்தலாமா? பால்கோவா வாங்கலாமா? மூத்த வாசகரின் கேள்வியின் ஊற்று நம் மடலின் முதல் வரைவில் இருக்கிறது.

இதழ் நடத்தும் இளம் நண்பர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், “மேடம், இந்த அனுபவத்தை எழுதுங்கள், பெரிய வரவேற்பு இருக்கும், நிதியும் சேரும்” என்றார். “எழுதலாம் தம்பி, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால்” என்றாராம் தோழி. இலக்கிய உலகுக்கு இது புதிதல்ல. புதுமைப்பித்தன் காசநோயால் திருவனந்தபுரத்தில் 1948 ஜூன் 30 அன்று இறந்தார். நிதி அதன்பிறகு குடும்பத்துக்குத் திரட்டப்பட்டது. நாம் நினைவேந்தலில் கெட்டிக்காரர்கள்.

அரசு செய்ய வேண்டியதைத் தனிமனிதர் செய்வது அரசைத் தப்பவிடுவதாகாதா என்று முற்போக்கு நண்பர்கள் கேட்பார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி ஊராரிடம் நிதி கேட்டுத்தான் அடையாறு மருத்துவமனையை 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கினார். கேட்டுக்கொண்டே அரசோடு வாதாடவும் செய்தார். விருதுநகர் மாவட்டத்திலேயே கதிர்வீச்சு வேண்டும், துணைக்கு வருபவரின் கூலியையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று மனு எழுதுங்கள். முதல் கையெழுத்து நம்முடையது. மனு நிறைவேறும்வரை மதுரைக்குப் பேருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

தோழி இப்போது கல்லூரிக்குப் போகிறார். தமாக்சிஃபென் மாத்திரை நாள்தோறும் ஒன்று, ஐந்தாண்டுக்கேனும். சில மாதங்களுக்கு ஒருமுறை மதுரையில் பரிசோதனை.

மூத்த வாசகரின் ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கோபத்தில் தோழியிடம் கேட்டோம். “பாவம், விடுங்கள். அது பஸ்ஸுக்கே செலவாகிவிட்டது என்று சொல்லுங்கள்” என்றார். பிறகு, அவருடைய பேத்திக்கு ஆவணியில் காதுகுத்தாமே, மொய் எவ்வளவு எழுதலாம் என்று நம்மிடம் கேட்டார்.